ஒரு டொலர்க் கமரா

உலக வரலாற்றை எழுதுவோர் அரசர்களின் முகங்களை அறிவர். நாணயத்திலே முத்திரையாகவும், கல்லிலே சிலையாகவும், சீலையிலே ஓவியமாகவும் அம்முகங்கள் எஞ்சி நிற்கின்றன. ஆனால் வயலை உழுதவன், வலையை வீசியவன், தறியின் முன் இருந்தவள் ஆகியோரின் முகங்கள் எங்கே? பிள்ளைகளின் நினைவில் அவை ஒரு தலைமுறை இருந்தன. பேரப்பிள்ளைகளின் காலத்தில் மங்கின. பின்னர் இல்லாமலே போயின. எளிய மனிதனுடைய முகமும் காக்கப்படத்தக்கது என்ற எண்ணம் நடைமுறைக்கு வந்தது மிக அண்மைக் காலத்திலேதான். அதனை நடைமுறைப்படுத்தியது ஒரு சட்டமன்று, ஒரு புரட்சியுமன்று. காட்போட் மட்டைப் பெட்டியிலே பதித்த ஒரு சிறு கண்ணாடி வில்லையே அதனைச் செய்தது. அப்பெட்டியின் விலை ஒரு டொலர். அந்த எளிய கமராவின் வரலாறே இவ்வுரையின் பொருளாகும்.

ஒளியினால் படம் பிடிக்கும் கலை 1839ஆம் ஆண்டில் பாரிஸ் நகரிலே உலகறிய வெளியிடப்பட்டது. எனினும் அதன்பின் ஐம்பது ஆண்டுகள் வரை அக்கலை சாதாரண மக்களின் கைக்கு எட்டவில்லை. காரணம் கமராவின் விலை மட்டுமன்று. படம் பிடிப்போன் அறிந்திருக்க வேண்டிய இரசாயன வேலையே பெருந்தடையாக நின்றது. 1851இல் இங்கிலாந்தைச் சேர்ந்த பிரெட்ரிக் ஸ்கொட் ஆர்ச்சர் என்பார் வெளியிட்ட ஈரத்தகட்டு முறையே நெடுங்காலம் வழக்கில் இருந்தது. கண்ணாடித் தகட்டின்மீது கொலோடியன் என்னும் பிசின் போன்ற திரவத்தை ஒரே சீராகப் பூச வேண்டும். இருட்டிலே அதனை வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்க்க வேண்டும். ஈரம் உலருமுன் கமராவில் வைத்துப் படம் பிடிக்க வேண்டும். ஈரம் உலருமுன்னரே மீண்டும் இருட்டறைக்குள் கொண்டு சென்று கழுவ வேண்டும். இவை அனைத்துக்கும் கிடைக்கும் நேரம் ஏறத்தாழப் பத்து நிமிடமே. ஆகவே வெளியூர் சென்று படம் பிடிக்க விரும்பியவன் கமராவோடு கூடாரம், தண்ணீர்ப் பாத்திரம், இரசாயனப் போத்தல்கள், கண்ணாடித் தகடுகள் ஆகிய அனைத்தையும் சுமந்து செல்ல வேண்டியவனானான்.

இத்தொல்லையை முழுவதும் அனுபவித்த ஒருவரின் கல்லறை இலங்கையிலேயே இருக்கின்றது. கோல்புறூக் – கமரன் சீர்திருத்தம் என்ற பெயரை இந்நாட்டின் பள்ளிப் பிள்ளைகள் அறிவர். அக்குழுவில் இருந்த சார்ள்ஸ் ஹே கமரனின் மனைவியார் ஜூலியா மார்கரட் கமரன் அம்மையார். 1863ஆம் ஆண்டு மார்கழி மாதத்தில், அவருக்கு நாற்பத்தெட்டு வயதாயிருந்தபோது, மகளும் மருமகனும் அவருக்கு ஒரு கமராவைப் பரிசளித்தனர். அம்மையார் நிலக்கரி வைக்கும் அறையை இருட்டறையாகவும், கோழிக்கூட்டைப் படம் பிடிக்கும் கூடமாகவும் மாற்றினார். வெள்ளி நைத்திரேற்று அவருடைய கைகளையும் உடைகளையும் கறுப்பாக்கியது. அவர் முன் அமர்ந்தவர்கள் நிமிடக்கணக்கில் அசையாது இருக்க நேர்ந்தது. 1875இல் அக்குடும்பம் இலங்கைக்கு வந்தது. களுத்துறையில் வாழ்ந்த காலத்தில் அம்மையார் இந்நாட்டு மக்கள் சிலரையும், 1877இல் அங்கு விருந்தினராக வந்த ஓவியர் மரியான் நோர்த்தையும் படம் பிடித்தார். 1879இல் மலைநாட்டிலே காலமாகிப் பொகவந்தலாவைத் தேவாலய மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார். உலகம் போற்றும் ஒளிப்படக் கலைஞருள் ஒருவராக இன்று மதிக்கப்படும் அவருக்கு, ஓய்வும் வேலையாட்களும் பொருள்வளமும் இருந்தன. அவை இல்லாதவர் அந்தக் கலையை நெருங்கவும் இயலாத காலம் அது.

கமரன் அம்மையார் களுத்துறையில் ஈரத்தகடுகளோடு போராடிய அதே 1877ஆம் ஆண்டில், உலகின் மறுகோடியில் அமெரிக்காவின் ரொச்செஸ்டர் நகரிலே இருபத்துமூன்று வயது வங்கி எழுதுவினைஞன் ஒருவனும் அதே தகடுகளோடு போராடிக்கொண்டிருந்தான். அவன் பெயர் ஜோர்ஜ் ஈஸ்ட்மன். சிறு வயதிலே தந்தையை இழந்தவன். தாயைக் காப்பதற்காகப் பதினான்கு வயதிலே பள்ளிக்கூடத்தை விட்டு வேலைக்குப் போனவன். விடுமுறையில் சான்ரோ டொமிங்கோ சென்றுவர எண்ணிய அவனிடம், பயணத்தைப் படம் பிடித்து வைக்கலாமே என்று உடன் வேலை செய்த ஒருவர் சொன்னார். உடனே ஈஸ்ட்மன் கருவிகளை வாங்கினான். அவற்றைக் கையாளும் முறையைக் கற்க ஐந்து டொலர் கொடுத்தான். பயணம் நிகழவில்லை. ஆனால் ஒரு கேள்வி அவன் உள்ளத்தில் தங்கிவிட்டது: ஒரு படம் பிடிப்பதற்கு ஒரு குதிரையின் சுமை எதற்காக?

இங்கிலாந்திலே ரிச்சர்ட் லீச் மடொக்ஸ் என்னும் மருத்துவர் 1871இல் ஜெலற்றின் பூசிய உலர்தகட்டுக்கு வழிகாட்டியிருந்தார். முன்கூட்டியே பூசி உலர்த்தி வைக்கத்தக்க அத்தகட்டைப் பற்றி ஈஸ்ட்மன் சஞ்சிகைகளிலே படித்தான். பகலெல்லாம் வங்கியில் கணக்கு எழுதிவிட்டு, இரவிலே தாயாரின் சமையலறையில் இரசாயனக் கலவைகளைக் காய்ச்சினான். தகடுகளுக்கு இயந்திரத்தினால் பூச்சிடும் முறையை வகுத்து 1879இல் இங்கிலாந்திலும், 1880இல் அமெரிக்காவிலும் ஆக்கவுரிமை பெற்றான். 1881இல் ஹென்றி ஸ்ட்ரோங் என்பவரோடு கூட்டுச் சேர்ந்து, அவ்வாண்டிலேயே வங்கி வேலையையும் துறந்தான்.

தொழில் தொடங்கிய சிறிது காலத்தில் ஒரு சோதனை வந்தது. 1882இல் விற்கப்பட்ட தகடுகள் பழுதாகிவிட்டன என்று வாங்கியவர்கள் முறையிட்டனர். ஈஸ்ட்மன் அவற்றை எல்லாம் திரும்பப் பெற்று, நல்ல தகடுகளை மாற்றிக் கொடுத்தார். குறை ஜெலற்றினில் இருந்தது என்பது பின்னரே தெரியவந்தது. அந்நட்டம் அக்கம்பனியை வீழ்த்தும் அளவுக்குப் பெரிது. ஆயினும் அதனால் கிடைத்த நம்பிக்கை அதனினும் பெரிது. பின்னாளிலே, முன்பின் அறியாத ஒருவரிடம் தம் குடும்பத்தின் படங்களை நம்பி அனுப்புமாறு உலகத்தாரை அவர் கேட்கப்போகிறார் அல்லவா? அதற்கு இதுவே முதலாயிற்று.

கண்ணாடி கனமானது, உடைவது. அதற்குப் பதிலாக, சுருட்டி வைக்கத்தக்க ஒன்று வேண்டும் என்று ஈஸ்ட்மன் கருதினார். வில்லியம் வோக்கர் என்பவரின் துணையோடு, கடதாசியில் பூச்சிட்ட சுருளையும் அதனைக் கமராவில் பொருத்தும் சட்டத்தையும் 1885 அளவில் சந்தைக்குக் கொண்டுவந்தார். தொழிலிலே தேர்ந்த படப்பிடிப்பாளர்கள் அதனை விரும்பவில்லை. கண்ணாடித் தகட்டின் தெளிவு கடதாசியில் இல்லை என்றனர். அவர்கள் சொன்னது உண்மையே. இந்த இடத்திலேதான் ஈஸ்ட்மனின் எண்ணம் திரும்பிற்று. தேர்ந்தவர்கள் வாங்காவிட்டால், தேர்ச்சியே இல்லாதவர்களுக்கு விற்கலாம். கலையை அறியாத பொதுமக்களே தம் வாடிக்கையாளர் என்று அவர் முடிவு செய்தார். எளிய கமராவின் வரலாறு இம்முடிவிலிருந்தே தொடங்குகின்றது.

1888ஆம் ஆண்டிலே கொடக் என்னும் பெயரோடு ஒரு பெட்டிக் கமரா வெளிவந்தது. அப்பெயருக்கு எந்த மொழியிலும் பொருள் இல்லை. குறுகியதாகவும், எவரும் பிழையின்றி உச்சரிக்கத்தக்கதாகவும் இருக்க வேண்டுமென்று ஈஸ்ட்மன் தாமே ஆக்கிய சொல் அது. கைக்கு அடங்கும் அப்பெட்டியினுள் நூறு படங்களுக்கு வேண்டிய சுருள் முன்னதாகவே இடப்பட்டிருந்தது. ஒரு நூலை இழுத்தால் மூடி ஆயத்தமாகும். பொத்தானை அழுத்தினால் படம் விழும். சாவியைத் திருகினால் சுருள் அடுத்த படத்துக்கு நகரும். செய்ய வேண்டியவை இம்மூன்றே. நூறு படமும் முடிந்தபின் பெட்டியை அப்படியே ரொச்செஸ்டருக்கு அனுப்பிவிடலாம். அங்கே படங்களைக் கழுவி, அச்சிட்டு, பெட்டியில் புதிய சுருளும் இட்டுத் திருப்பி அனுப்புவார்கள். பொத்தானை நீங்கள் அழுத்துங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்பதே அவர்களின் விளம்பரம்.

இவ்வாசகத்தின் கருத்தைச் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். அதுவரை படம் பிடித்தல் என்பது ஒரே ஆளின் கையில் தொடங்கி அவர் கையிலேயே முடிந்த வேலை. ஈஸ்ட்மன் அதனை இரண்டாகப் பிளந்தார். காண்பதும் தெரிவுசெய்வதும் ஒருவர் பங்கு. கழுவுவதும் அச்சிடுவதும் தொழிற்சாலையின் பங்கு. இதனால் மக்கள் பெற்றது பெரிது, இழந்ததும் ஒன்றுண்டு. கமரன் அம்மையார் தம் படம் எப்படி உருவாகின்றது என்பதை அறிவார். கொடக்கை வாங்கியவருக்கு அது தெரியாது, தெரிந்துகொள்ளத் தேவையுமில்லை. அறிவைக் கொடுத்து வசதியை வாங்கும் இவ்வணிகம் இன்று எல்லாத் துறையிலும் பரவியிருக்கின்றது. அதன் தொடக்க காலச் சான்றுகளுள் ஒன்றாக அந்தப் பெட்டியைக் கொள்ளலாம்.

வேலை எளிதாயிற்று, விலை எளிதாகவில்லை. முதலாவது கொடக்கின் விலை இருபத்தைந்து டொலர். கழுவி அச்சிட்டுப் புதுச்சுருள் இடுவதற்குப் பத்து டொலர். ஈஸ்ட்மன் வங்கியிலே வேலை செய்தபோது அவர் பெற்ற சம்பளம் வாரத்துக்குப் பதினைந்து டொலரே. ஆகவே கொடக் வசதி படைத்தவரின் விளையாட்டுப் பொருளாகவே உலாவிற்று. கேட்காமலே பிறரைப் படம் பிடிக்கும் பழக்கமும் அதனோடு பரவிற்று. 1890இல் அமெரிக்கச் சட்டவறிஞர்களான சாமுவேல் வொரன், லூயிஸ் பிராண்டைஸ் என்னும் இருவர், மனிதனுடைய தனிவாழ்க்கைக்குச் சட்டம் பாதுகாப்பு அளித்தல் வேண்டுமென்று ஒரு கட்டுரை வரைந்தனர். நொடிப்பொழுதிலே எடுக்கப்படும் ஒளிப்படத்தையும், வம்பு தேடும் செய்தித்தாளையும் அதற்குக் காரணமாகக் காட்டினர். தனிமைக்கான உரிமை என இன்று பேசப்படும் கோட்பாட்டுக்கு மூலமாகக் கருதப்படுவது அக்கட்டுரையே. ஒரு கருவி ஓர் உரிமையைப் பரப்பும்போது, வேறோர் உரிமையைக் காக்கவும் வேண்டியதாகின்றது.

விலையைக் குறைப்பதற்கு முன் இரண்டு குறைகள் தீர வேண்டியிருந்தன. முதலாவது, கடதாசிச் சுருள். 1889இல் ஈஸ்ட்மனின் இரசாயனர் ஹென்றி ரைக்கன்பாக் செலுலோயிட்டினால் ஒளி ஊடுருவும் சுருளைச் செய்தார். ஆனால் அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே, நியூவாக் நகரைச் சேர்ந்த ஹனிபால் குட்வின் என்னும் பாதிரியார் அத்தகைய சுருளுக்கு ஆக்கவுரிமை கேட்டு விண்ணப்பித்திருந்தார். வேதாகமக் கதைகளைப் படங்களால் விளக்க விரும்பியே அவர் அம்முயற்சியில் இறங்கினார். அவருக்குரிய பத்திரம் 1898இலேதான் கிடைத்தது. 1900ஆம் ஆண்டின் இறுதி நாளில் அவர் காலமானார். அவருடைய உரிமையை வாங்கிய கம்பனி தொடுத்த வழக்கு 1914இல் முடிந்தபோது, ஈஸ்ட்மனின் கம்பனி ஐம்பது இலட்சம் டொலர் செலுத்த நேர்ந்தது. எளிய கமராவின் வரலாற்றை எழுதுவோர் ஈஸ்ட்மனுக்குக் கொடுக்கும் பக்கங்களில் ஒன்றையேனும் அப்பாதிரியாருக்குக் கொடுத்தல் நியாயமாகும்.

இரண்டாவது குறை, சுருளை இருட்டறையிலேயே மாற்ற வேண்டியிருந்தமை. பொஸ்ரன் நகரின் சாமுவேல் ரேணர் என்பார் இதற்கு ஓர் எளிய வழி கண்டார். சுருளின் பின்புறத்தில் கறுத்தக் கடதாசியை ஒட்டவைத்து, அதன்மேல் எண்களை அச்சிட்டார். பெட்டியின் முதுகிலே சிவப்புக் கண்ணாடி பதித்த சிறு துவாரம் அவ்வெண்ணைக் காட்டும். சுருளைப் பகல் வெளிச்சத்திலேயே மாற்றலாம். எத்தனையாவது படம் என்பதையும் அறியலாம். ஈஸ்ட்மன் 1895இல் அவ்வுரிமையை விலைக்கு வாங்கினார். அச்சிவப்புத் துவாரத்தை மூத்த நேயர் பலர் தம் இளமைக் காலத்துக் கமராக்களில் கண்டிருப்பர்.

பின்னர் 1900ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் வந்தது. ஈஸ்ட்மனுக்குக் கமராக்களைச் செய்து கொடுத்த பிராங்க் பிரௌனெல் என்னும் கைவினைஞர், இயன்ற அளவு மலிவாக ஒரு கமரா செய்யும்படி கேட்கப்பட்டார். அவர் அமைத்த பெட்டி கனத்த காட்போட் மட்டையால் ஆனது. மேலே தோல் போன்ற உறை ஒட்டப்பட்டது. உள்ளே ஒரே ஒரு கண்ணாடி வில்லை. பக்கத்துக்கு இரண்டேகால் அங்குலமான சதுரப் படங்கள் ஆறு. கமராவின் விலை ஒரு டொலர். ஆறு படங்களுக்கான சுருள் பதினைந்து சதம். கண் வைத்துப் பார்க்கும் துவாரம்கூட முதற் பெட்டியில் இல்லை. மேற்புறத்தில் வரையப்பட்டிருந்த இரண்டு சாய்கோடுகளின் வழியே குறிபார்க்க வேண்டியிருந்தது. அக்கமராவுக்குப் பிரௌனி என்று பெயரிட்டனர். பால்மர் கொக்ஸ் என்னும் ஓவியர் வரைந்த சிறுவர் கதைகளிலே வரும் குறும்புக்காரக் குட்டித் தேவதைகளின் பெயர் அது. விளம்பரமும் சிறுவர்களை நோக்கியே செய்யப்பட்டது. சிறுவர்க்கெனக் கழகம் அமைத்துப் போட்டிகளும் பரிசுகளும் அறிவித்தனர். முதலாண்டிலேயே ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட பிரௌனிக் கமராக்கள் விற்பனைக்குச் சென்றன. விலை ஒரு டொலராக இருக்கும்போது பிள்ளைக்கு வாங்கியதைத் தாயும் தந்தையும் எடுத்துப் பயன்படுத்தியதில் வியப்பில்லை.

இத்துணை எளிய பெட்டி எவ்வாறு படம் பிடித்தது என்பது அறியத்தக்கது. கண்பார்வை மங்கியவர் தூரத்துப் பொருளைக் காணக் கண்ணைச் சுருக்குவதை எல்லோரும் கண்டிருப்பர். ஒளி புகும் வழி சிறிதானால் உருவம் தெளிவடையும். பிரௌனியின் வில்லைக்கும் அவ்வாறே சிறு துளையே வைக்கப்பட்டது. அதனால் சில அடி தூரத்திலிருந்து அடிவானம் வரையுள்ள யாவும் ஓரளவு தெளிவாகவே விழுந்தன. தூரத்துக்கேற்ப வில்லையை முன்பின் நகர்த்தும் வேலை இல்லாமற் போயிற்று. ஆனால் துளை சிறிதாகவே ஒளியும் குறைவாகவே புகும். அக்குறையைச் சூரியன் தீர்க்க வேண்டும். ஆகவே வெயிலிலே நில்லுங்கள், சூரியனை முதுகுப்புறம் வைத்துப் படம் பிடியுங்கள் என்று வாங்குவோர்க்கு அறிவுரை கூறப்பட்டது. பழைய குடும்பப் படங்களிலே எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பதன் காரணம் இதுவே. படத்தின் அடிப்பகுதியிலே தரையில் ஒரு கரிய நிழல் நீண்டு கிடப்பதும் இதனாலேயே. அது படம் பிடித்தவரின் நிழல். பெரும்பாலும் குடும்பத்தலைவர் ஒருவரோ மூத்த பிள்ளையோ படத்தில் இல்லாமலே போய், நிழலாக மட்டும் எஞ்சியிருப்பர்.

தேர்ந்த கலைஞர் சிலர் இதனை இகழ்ந்தனர். பொத்தானை அழுத்துபவன் கலைஞனாவானா என்று கேட்டனர். கேள்வி நியாயமானதே. எனினும் வரலாற்றுக்கு வேண்டிய எல்லாமும் கலை அன்று. 1912ஆம் ஆண்டு சித்திரை மாதத்திலே டைட்டானிக் என்னும் கப்பல் பனிப்பாறையில் மோதி மூழ்கியபோது, தப்பியவர்களை ஏற்றிய கார்ப்பேத்தியா கப்பலிலே பேர்னீஸ் பால்மர் என்னும் பதினேழு வயதுப் பெண் பயணம் செய்துகொண்டிருந்தாள். அவளிடம் பரிசாகக் கிடைத்த புதிய பிரௌனி ஒன்று இருந்தது. பனிப்பாறையையும், கப்பலின் மேற்றளத்திலே போர்வை சுற்றிக் குந்தியிருந்தவர்களையும் அவள் படம் பிடித்தாள். கரையிறங்கியதும் ஒரு செய்திப்பட நிறுவனம் அவற்றைப் பத்து டொலருக்கு வாங்கிக்கொண்டது. அவளுக்கு அவற்றின் பெறுமதி தெரிந்திருக்கவில்லை. இன்று அப்படங்கள் அமெரிக்காவின் தேசிய அரும்பொருளகமான ஸ்மித்சோனியனிலே காக்கப்படுகின்றன.

அதிகாரம் உடையோர் இச்சிறு பெட்டியின் வலிமையை விரைவிலே உணர்ந்தனர். கொங்கோ நாட்டு மக்கள்மீது பெல்ஜிய அரசர் லியோபோல்டின் ஆட்சி இழைத்த கொடுமைகளை, மதகுருமார் எடுத்த ஒளிப்படங்கள் உலகுக்குக் காட்டின. அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெயின் 1905இல் வெளியிட்ட அங்கத நூலிலே, பணத்தால் வாங்க இயலாத சாட்சி இந்தக் கொடக் ஒன்றே என்று அவ்வரசர் புலம்புவதாக எழுதினார். 1908இல் கொங்கோ அவர் கையை விட்டு நீங்கிப் பெல்ஜிய அரசின்கீழ் வந்தது. 1912இல் வெளிவந்த சட்டைப்பைக் கொடக்கை முதலாம் உலகப்போரின்போது போர்வீரர் பலர் உடன்கொண்டு சென்றனர். 1914ஆம் ஆண்டு நத்தார் நாளிலே, பகைவரான பிரித்தானியரும் ஜேர்மனியரும் பதுங்குகுழிகளை விட்டு எழுந்து கைகுலுக்கிய காட்சி அத்தகைய சிறு கமராக்களிலே பதிவாயிற்று. அடுத்த மாதம் இலண்டன் செய்தித்தாள்களில் அது வெளிவந்தது. பிரித்தானியப் படைத்துறை போர்முனையில் வீரர்கள் கமரா வைத்திருப்பதையே தடைசெய்தது. அரசர்களும் தளபதிகளும் அஞ்சியது கலைஞனுடைய கமராவுக்கன்று. சாதாரண மனிதனுடைய கமராவுக்கே.

பிற்கால வரலாற்றைச் சுருங்கக் கூறலாம். 1932இல் ஈஸ்ட்மன் மறைந்தார். 1963இல் வந்த இன்ஸ்ராமற்றிக் கமராவில் சுருளை இழுத்துக் கோக்கும் வேலையும் நீங்கிற்று. சிறு பெட்டகத்தை உள்ளே போட்டு மூடினால் போதும். 1970 அளவில் அவ்வகைக் கமராக்கள் ஐந்து கோடிக்கு மேல் செய்யப்பட்டுவிட்டன. 1977இல் யப்பானிய நிறுவனமான கொனிக்கா, தூரத்தைத் தானே கணித்துக்கொள்ளும் கமராவை விற்பனைக்கு விட்டது. சுருளே வேண்டாத கமராவை முதன்முதலிற் செய்தவரும் கொடக் நிறுவனத்துப் பொறியியலாளரே என்பது ஊழின் விளையாட்டு. 1975இல் ஸ்ரீவன் சாசன் ஆக்கிய அக்கருவி எட்டு இறாத்தல் நிறையுடையது. ஒரு படத்தை நாடாவிலே பதிய இருபத்துமூன்று விநாடிகள் எடுத்தது. அவ்விதையிலிருந்து முளைத்த மரமே பிற்காலத்தில் படச்சுருள் தொழிலை மூடி மறைத்தது. 2012ஆம் ஆண்டு தை மாதத்தில் கொடக் நிறுவனம் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றத்தை நாடியது. அடுத்த ஆண்டில் உருச்சிறுத்து மீண்டது. இன்று கமரா என்பது கைத்தொலைபேசியின் ஒரு மூலையிலுள்ள புள்ளியாகிவிட்டது. பொத்தானும் இல்லை, விரல் தொட்டாற் போதும்.

ஆறு படங்களே உள்ள சுருளை வைத்திருந்தவர் ஒவ்வொன்றையும் எண்ணிப் பார்த்து எடுத்தார். திருமணத்துக்கு ஒன்று, குழந்தையின் முதல் நடைக்கு ஒன்று, ஊரைவிட்டுப் போகும் மகனுக்கு ஒன்று என்று பங்கிட்டார். இன்று ஓராண்டில் ஒரு வீட்டில் எடுக்கப்படும் படங்களை எண்ணவும் முடியாது; திரும்பிப் பார்க்கவும் நேரமில்லை. மிகுதியும் ஒருவகை மறதியே. இவ்வளவு படங்களுக்கு இடையில் எது காக்கத்தக்கது என்பதை யார் தெரிவுசெய்வார்?

அதற்கு விடை ஒரு பேரிடரிலே கிடைத்தது. 2011ஆம் ஆண்டு பங்குனி மாதத்திலே யப்பானின் கிழக்குக் கரையை ஆழிப்பேரலை அழித்தது. 2004ஆம் ஆண்டு மார்கழியில் அத்தகைய துயரத்தைக் கண்ட இந்நாட்டவர்க்கு அதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. வீடுகள் இருந்த இடத்திலே சேறு இருந்தது. அச்சேற்றினுள்ளே குடும்பப் படங்கள் கிடந்தன. மீட்புப் பணியாளரும் தொண்டர்களும் அவற்றைப் பொறுக்கிச் சேர்த்தனர். இலட்சக்கணக்கான படங்களை ஒவ்வொன்றாக நீரிலே கழுவி, கொடியில் உலர்த்தி, உரியவர் வந்து தேடிக்கொள்ளுமாறு மண்டபங்களிலே பரப்பி வைத்தனர். வீட்டையும் உறவையும் இழந்தவர்கள் அங்கு வந்து மணிக்கணக்காகத் தேடினார்கள். அவர்கள் தேடியவற்றுள் பெரும்பாலானவை கலைஞர் எடுத்த படங்கள் அல்ல. எளிய கமராவிலே, வெயிலிலே, கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றவர்களின் படங்களே.

அப்படங்களுட் பல உரியவரைச் சென்றடைந்தன. வேறு பல எவருடையவை என்று அறிய முடியாமலே எஞ்சின. முகம் காக்கப்பட்டது, பெயர் காக்கப்படவில்லை. இக்குறை முன்பே உணரப்பட்டிருந்தது. 1914இல் கொடக் நிறுவனம் வெளியிட்ட ஒருவகைக் கமராவின் முதுகிலே சிறு கதவொன்று இருந்தது. படம் பிடித்தவுடன் அதனைத் திறந்து, கூரிய கோலினாலே சுருளின் ஓரத்தில் நாளையும் பெயரையும் எழுதி வைக்கலாம். அவ்வுரிமையைக் கண்டுபிடிப்பாளர் ஹென்றி கைஸ்மனிடமிருந்து மூன்று இலட்சம் டொலர் கொடுத்து ஈஸ்ட்மன் வாங்கியிருந்தார். மக்கள் அதனைப் பெரிதும் பயன்படுத்தவில்லை. அவ்வகைக் கமராவும் இருபது ஆண்டுகளுக்குள் வழக்கொழிந்தது. பொத்தானை அழுத்துவது எளிது. எழுதி வைப்பதற்கே மனம் வேண்டும்.

மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொன்ன நிறுவனம் எத்தனை வேலைகளை ஏற்றுக்கொண்டாலும், இந்த ஒரு வேலை அதனுடையதன்று. படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்பதை அறிந்தவர் வீட்டு மூத்தவரே. அவர் இருக்கும்போதே அலுமாரியிலுள்ள பழைய படங்களை எடுத்து, அவர் பக்கத்திலிருந்து கேட்டு, ஒவ்வொன்றின் பின்புறத்திலும் பென்சிலினால் மெல்ல எழுதி வைத்தல் இளையோரின் கடமையாகும். முன்னிலையிலே விழுந்து கிடக்கும் அந்த நிழல் யாருடையது என்பதையும் கேட்டு எழுதி வைப்பாராக. ஒரு டொலர்ப் பெட்டி எளிய மனிதனுக்கு முகத்தைப் பெற்றுத் தந்தது. அம்முகத்துக்குப் பெயரைக் காத்துக் கொடுக்க வேண்டியவர்கள் அவனுடைய பேரப்பிள்ளைகளே.